அடுத்த தாளில் விழுந்த முகம்

கட்டைவிரலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள் நெவெனா. ஸ்வெதானின் இடது காது விரலோடு வந்துவிட்டது.

தாளை மேசைமேல் வைத்துவிட்டு விரலைத் துணியில் துடைத்தாள். கறுப்புக் கட்டம், மேலே சிலுவை, நடுவில் துறைமுகத் தொப்பியோடு சிரிக்கும் ஸ்வெதான். அவன் போய் ஆறு மாதம் ஆனதற்கான அஞ்சலித் தாள் அது. நாளை இறந்தவர்களுக்கான சனிக்கிழமை. லோம் ஊரில் சாவு விழாத வீடு ஏது? கதவிலும் மின்கம்பத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவதற்கு ஊரே தாள் கேட்டு அவள் கடைக்கு வந்திருந்தது. விடிந்ததிலிருந்து அந்தக் கலர் லேசர் பிரிண்டர் ஓயாமல் முகங்களைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"என்ன, காது போச்சா?" என்றான் அவள் கணவன் ருமென்.

ஜன்னலோரம், பாஸ்போர்ட் படம் எடுக்கும் நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். காலடியில் பை. பைக்குள் இரவு உடை, செருப்பு, சவரக் கத்தி. ஆஸ்பத்திரிக்குப் போகிறவனின் பை.

"பேசாம உட்காரு."

"அவனுக்கு எதுக்குடி காது? உயிரோட இருக்கும்போதே யார் சொன்னதையும் கேட்டதில்ல."

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் அவன் இன்னொன்று சொல்வான், பிறகு இன்னொன்று, அப்படியே பேச்சு வளர்ந்து மதிய பஸ் போய்விடும். ருமெனுக்கு அந்தக் கலை தெரியும். ஈஸ்டருக்கு முன்னால் ஒரு முறை சோஃபியாவில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். சளி பிடித்திருக்கிறது என்றான். இலையுதிர் காலம் தொடங்கும்போது இன்னொரு நாள். குடைமிளகாய் சுட்டுப் புட்டியில் அடைக்காமல் எப்படிப் போவது என்றான். இதயத்தின் அடைப்பான் ஒன்று தேய்ந்து, மேலே போன ரத்தம் கீழே கசிந்துகொண்டிருந்தது. இரண்டு மாடி ஏறினால் நடுவில் நின்று சுவரில் இருக்கும் விளம்பரங்களைப் படிப்பது போல நடிப்பான். இன்றும் போகாவிட்டால் இனி ஒருபோதும் போக மாட்டான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அவனுக்கும்.

பிரிண்டரின் திரையில் மஞ்சள் எழுத்து மின்னியது. சூட்டு உருளை முடியப் போகிறது, மாற்றவும். கோடையிலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நெவெனா 'தொடர்க' என்ற பொத்தானை அழுத்தினாள். காலையில் கடை திறந்ததும் விளக்குப் போடுவது மாதிரி இதுவும் அவள் கைக்குப் பழகிவிட்டது.

மைப்பொடியைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டவைப்பது அந்த உருளை. பழுது பார்க்க வரும் பிளகோய் ஒரு முறை சொன்னான்: "திரை எண்ணிக்கிட்டேதான் இருக்கும். அதுக்குக் கண்ணு கிடையாது. நீ தாளைப் பாரு." அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். டிரம் தேய்ந்தால் தாளில் ஒரே இடைவெளியில் புள்ளி விழும். பெல்ட் தேய்ந்தால் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் உதட்டுக்கு வெளியே சிவப்பு நிற்கும். சூட்டு உருளை தேய்ந்தால் பொடி விரலோடு வரும். எந்த உருளைக்கு எவ்வளவு இடைவெளி என்று ஒரு பிளாஸ்டிக் அளவுகோலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள். எல்லாம் தெரியும். ஆனால் தாளைப் பார்க்கும்போது, இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்பதைத்தான் அவள் தாளில் பார்த்தாள். புது உருளை பெட்டி பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. இந்தச் சனிக்கிழமை கழியட்டும், பிறகு மாற்றலாம்.

ருமெனும் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புதுசை மேல வச்சுக்கிட்டு தேஞ்சதையே போட்டு ஓட்டுற. எனக்குன்னு வந்தா மட்டும் உடனே மாத்தணும்."

"அது மெஷின்."

"இதுவும் மெஷின்தான். டாக்டரே பம்ப்புன்னுதான் சொன்னாரு. ஓடுதுல்ல? ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு நீதானே சொல்லுவ?"

 சில நேரம் ஒருவர் நம்மை மடக்க வேண்டுமென்று சொல்வது உண்மையாகவே இருந்துவிடுகிறது. அவள் பேச்சை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

"உன் படத்தைக் குடு. எடுத்துத் தர்றேன்."

ஊர் ஆஸ்பத்திரியில் கறுப்பு வெள்ளை பிரிண்டர்தான். இதயத்தின் ஸ்கேன் படத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, கலரில் எடுத்துக் கையோடு கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள். ருமென் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினான். திரையில் படம் விரிந்தது. சாம்பல் நிற இருட்டுக்கு நடுவில் ஒரு விசிறி; விசிறிக்குள் சிவப்பும் நீலமும். மேலே போக வேண்டிய ரத்தம் நீலமாகப் பீறிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நெவெனா அதை அச்சுக்குக் கொடுத்தாள்.

தாள் வந்தது. எடுத்தாள். உடனே கவிழ்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கோணலா வந்துடுச்சு. வேற எடுக்கிறேன்."

"காட்டு."

"ருமென்..."

அவன் எழுந்து வந்து அவள் கையிலிருந்து தாளை வாங்கினான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். அவன் இதயத்தின் மேல், மூச்சுப் பட்ட கண்ணாடியில் தெரிவது போல, ஒரு முகம் இருந்தது. தொப்பி. சிரிப்பு. கட்டத்தின் கறுப்பு ஓரம். மேலே, சிவப்பும் நீலமும் கலக்கும் இடத்தில், சிலுவையின் ஒரு கை.

வெளியே டான்யூப் ஆற்றிலிருந்து ஏறி வந்த பனி சதுக்கத்தை மூடியிருந்தது. எங்கோ ஒரு வண்டி பின்னால் போகும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. ருமென் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.   

"ஸ்வெதான் வந்திருக்கான்," என்றான் கடைசியில். மிகவும் அமைதியாகச் சொன்னான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"உருளை தேஞ்சிருக்கு. அவன் தாள்ல இருந்த பொடி கொஞ்சம் உருளைல ஒட்டிக்கிட்டு உன் தாள்ல இறங்கிடுச்சு. அவ்வளவுதான்."

ருமென் கோட்டின் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான்.

"துறைமுகக் கிரேன்ல ஒண்ணா வேலை பார்த்தோம். அவன் மேல, நான் கீழ. ஒரே டாக்டர். ஒரே வியாதி. இப்போ என் நெஞ்சு மேலேயே வந்து உட்கார்ந்து சிரிக்கிறான். போகாதேங்கிறான்."

"ஸ்வெதான் ஆபரேஷன்ல சாகல. ஆபரேஷனுக்குப் போகாததால செத்தான். அவன் வந்து ஏதாவது சொன்னா 'போடா மடையா, பஸ் ஏறு'ன்னுதான் சொல்லுவான்."

"போகல, நெவெனா."

கோட்டை நாற்காலியின் முதுகில் போட்டான். பையைக் காலால் சுவரோரம் தள்ளினான்.

அவள் அளவுகோலை எடுத்தாள். ஸ்வெதானின் தாளை அவன் முன்னால் விரித்து, முகத்தின் நெற்றியிலிருந்து கீழே அளந்து காட்டினாள். பேனாக் கோடு நின்ற இடத்தில், எழுத்துகளுக்கு அடியில், அதே முகம் இன்னும் மங்கலாக இன்னொரு முறை விழுந்திருந்தது. "பாரு. உருளை ஒரு சுத்து சுத்தி வந்தா இவ்வளவு தூரம். அதே தூரத்துல திரும்ப விழுது. பேய்க்கு அளவுகோல் தெரியுமா?"

அவன் மறுப்பாகத் தலையை மேலே தூக்கி நாக்கால் 'ட்ச்' என்றான்.

"செத்தவங்க முகம்தான் விழுது. காலையிலிருந்து நீ செத்தவங்களைத்தானே போடுற? உயிரோட இருக்கிறவன் முகம் அப்படி விழட்டும். அப்போ நம்புறேன்."

உயிரோடு இருப்பவளின் முகம் ஒன்று அந்த இயந்திரத்துக்குள் எப்போதும் இருந்தது. பொடி மாற்றும்போதெல்லாம் தோலின் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க நெவெனா தன் முகத்தைத்தான் போட்டுப் பார்ப்பாள். கடை திறந்த புதிதில் பிளகோய் எடுத்த படம். நீலச் சட்டை, கொஞ்சம் பயந்த கண்கள். அதை அனுப்பினாள். பின்னாலேயே ஸ்கேன் படத்தையும் அனுப்பினாள்.

அவள் முகம் வந்தது. அடுத்து அவன் இதயம் வந்தது. சுத்தமாக வந்தது. எதுவும் விழவில்லை.

"பார்த்தியா?" என்றான் ருமென். குரலில் வெற்றி இல்லை. அதுவாவது இருந்திருக்கலாம்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இது அவள் வேண்டிய தாள்தான். குறை இல்லாத தாள். காலையிலேயே இப்படி வந்திருந்தால் அவன் இந்நேரம் சதுக்கத்தைக் கடந்திருப்பான். ஏன் விழவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கலர் படத்தில் கன்னத்துக்கும் நெற்றிக்கும் பொடி மெலிதாகத்தான் படியும். அஞ்சலித் தாளில் கனத்த கட்டம், கறுப்புச் சிலுவை, அடர்ந்த நிழல். அவ்வளவு கறுப்பைத் தேய்ந்த உருளையால் முழுதாக விட முடிவதில்லை. சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே அது சாக்குப் போலக் கேட்டது. அவனுக்கு மட்டுமல்ல, அவளுக்கும். ஒருவேளை அவன் சொல்வதுதான் சரியோ என்று ஒரு கணம், மண்ணடியில் ஈரம் ஊறுவது போல, மனத்துக்குள் ஊறியது. அந்த ஈரம் பரவுவதற்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

கணினி முன் உட்கார்ந்தாள். ஸ்வெதானின் தாளைத் திறந்தாள். அவன் பெயரை அழித்தாள். படத்தை அழித்தாள். கட்டமும் சிலுவையும் மட்டும் நின்றன. நடுவில் இருந்த வெற்றிடத்தில் தன் படத்தை வைத்து, நிறத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினாள்.

இந்த ஊரில் எந்த அச்சுக்காரரும் செய்யாத காரியம் அது. உயிரோடு இருப்பவரின் படத்தை அந்தக் கட்டத்துக்குள் விளையாட்டுக்குக்கூட வைக்க மாட்டார்கள். பெயரில் ஒரு எழுத்து மாறி வேறு யாரையாவது குறித்துவிட்டால்கூட அந்தத் தாளைத் தனியாக எடுத்துப் போய் எரிப்பார்கள். நெவெனாவின் விரல் பொத்தானின் மேல் நின்றது. 

அழுத்தினாள். பின்னாலேயே ஸ்கேன் படம்.

இயந்திரம் முனகி, தாளை இழுத்தது. ருமெனுக்கு அவள் என்ன செய்கிறாள் என்று தெரியாது. தாள் தலை நீட்டியபோதுதான் பார்த்தான். ஒரே பாய்ச்சலில் வந்து அதைப் பிடுங்கினான்.

"பைத்தியமாடி உனக்கு?" கெட்டது அண்டாமலிருக்கக் காது மடலை இழுத்து, மேசையில் மூன்று முறை தட்டினான். தரையைப் பார்த்து "தூ, தூ" என்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "என்ன காரியம் பண்ணிட்ட? இதை எப்படி இல்லேன்னு ஆக்குறது? எரிக்கிறதா, கிழிக்கிறதா? கிழிச்சா அது வேறயா?"

"அடுத்த தாளைப் பாரு."

"பார்க்க மாட்டேன்."

"ருமென். பாரு."

தட்டில் கிடந்த தாளை அவளே எடுத்து நீட்டினாள். சிவப்பும் நீலமும் விரிந்த விசிறியின் மேல், மங்கலாக, நெவெனாவின் பயந்த கண்கள். கட்டத்தின் ஓரம். சிலுவையின் கை. எல்லாம் ஸ்வெதான் விழுந்த அதே இடத்தில்.

"நான் உயிரோடதானே நிக்கிறேன்?" என்றாள். "எனக்கும் விழுது. யாரா இருந்தாலும் விழும்."

அவன் உட்கார்ந்தான். மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. அவ்வளவு தூரம் பாய்ந்து வந்ததற்கே அந்த மூச்சு. அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் குடிக்கவில்லை; குவளையை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு தாள்களையும் மடியில் போட்டு மாறி மாறிப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று அவள் கவனிக்கவில்லை. சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் பனிக்குள்ளிருந்து பஸ் மெல்ல உருவம் கொண்டு வந்து நின்றது மட்டும் ஜன்னல் வழியே தெரிந்தது. இப்போது எதையும் சொல்லக் கூடாது என்று அவள் தன்னையே பிடித்து வைத்துக்கொண்டாள். ஒரு சொல் கூடினாலும் அவன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவான்.

"உன் மூக்கு," என்றான் ருமென் மெதுவாக, "சரியா அந்த ஓட்டையில வந்து உட்கார்ந்திருக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். உண்மைதான். நீலம் பீறிடும் இடத்தில் அவள் மூக்கு.

"உனக்கு எப்பவும் அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைக்கிறதே வேலை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் எழுந்து கோட்டை மாட்டினான். பொத்தான்களைப் போட அவள் உதவப் போனபோது கையைத் தட்டிவிட்டு அவனே போட்டான்.

"நல்லா வந்த தாள் இங்க இருக்கு. இதை எடுத்துட்டுப் போ," என்றாள்.

"அதையும் குடு, டாக்டருக்கு. இது எனக்கு." அவள் முகம் விழுந்த தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தான். கறுப்புக் கட்டத்தில் அவள் இருந்த தாளையும் மடித்தான். "இதுவும் என்கூட வரும். இங்க விட்டுட்டுப் போனா, நீ அவசரத்துல ஸ்வெதான் கட்டோட சேர்த்துக் கட்டிடுவ. அவன் பொண்டாட்டி பவ்லினா போய் ஊரெல்லாம் ஒட்டிடுவா. நான் திரும்பி வந்தா என் வீட்டுக் கதவுலேயே நீ தொங்குவ."

திரும்பி வந்தால் என்றான். நெவெனா அந்தச் சொல்லைத் தொடாமல் அப்படியே விட்டாள்.

சோஃபியாவில் அவன் அக்கா பஸ் நிலையத்துக்கு வருவாள். ஆபரேஷன் திங்கட்கிழமை. நெவெனா ஞாயிற்றுக்கிழமை அங்கே போவாள். இதெல்லாம் ஏற்கெனவே பேசியதுதான். வாசலில் நின்று மறுபடியும் பேசினார்கள். பிறகு அவள் உள்ளே ஓடி, அவன் குடிக்காமல் வைத்த குவளையை எடுத்துவந்து அவன் காலுக்கு முன்னால் படியில் ஊற்றினாள். பயணம் தண்ணீர் போல ஓட வேண்டும். அவன் ஈரத்தை மிதித்து இறங்கிப் போனான். பாதிச் சதுக்கத்தில் நின்றான்.  அவன் சுவர் விளம்பரம் படிக்கவில்லை. அங்கே சுவரே இல்லை. நின்று, மூச்சு வாங்கி, நடந்தான். ஏறினான். கதவு மூடியது.

அதன் பிறகுதான் அவள் பிரிண்டரை அணைத்தாள். பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, உருளை ஆறும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இருக்கையில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. ஆறியதும் இரண்டு பக்கத்துப் பிடிகளையும் அமுக்கி உருளையை வெளியே இழுத்தாள். நடுப்பகுதியில், முகங்கள் கடந்து போகும் இடத்தில், மேல்பூச்சு பாம்புச் சட்டை போல உரிந்திருந்தது. கோடையிலேயே உரியத் தொடங்கியிருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்துப் புதியதை உள்ளே தள்ளினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. இவ்வளவுக்கா இத்தனை நாள்?

பிரிண்டரைப் போட்டு ஸ்வெதானின் தாளை மறுபடி எடுத்து, கையில் அதோடு நின்றபோது பவ்லினா வந்தாள். ஸ்வெதானின் மனைவி. கையில் துணி மூடிய கிண்ணம். நாளை இறந்தவர்களுக்குப் படைக்க வேகவைக்கும் கோதுமை. வாசலில் தயங்கி, படியைப் பார்த்தாள்.

"யாரு போனது?"

"ருமென்."

"ஏறிட்டானா?"

"ஏறிட்டான். நானே பார்த்தேன்."

பவ்லினா உள்ளே வந்து கிண்ணத்தை வைத்தாள். புது உருளையில் வந்த ஸ்வெதானை எடுத்து, நெவெனா செய்வது போலவே, கட்டைவிரலால் அவன் கன்னத்தைத் தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"இப்பதான் ஒரு இடத்துல ஒட்டியிருக்கான்," என்றாள். பிறகு, தாளைப் பார்த்துக்கொண்டே, "போன வருஷம் இவனுக்கு நாள் குறிச்சப்போ நானும் குவளையும் கையுமா வாசல்ல நின்னேன். மிளகாய் சுடணும்னு தோட்டத்துப் பக்கம் போயிட்டான். அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊத்தினேன்."

நெவெனா அந்தத் தாளை வாங்கி மேசைமேல் வைத்தாள். 

பவ்லினா மேசையிலிருந்த குவளையை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"முழுசா ஊத்தலையே நீ."

"பதற்றத்துல..."

"ம்." பவ்லினா வாசலுக்குப் போய், மிச்சத்தையும் படியில் ஊற்றி, குவளையைக் கவிழ்த்து உதறினாள். நெவெனாவும் வந்து பக்கத்தில் நின்றாள். தண்ணீர் கல்லின் விரிசலில் கொஞ்சம் தேங்கி, பிறகு வழி கண்டுபிடித்துக் கீழே இறங்கியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இயந்திரம் அடுத்த முகத்துக்காகச் சூடேறிக்கொண்டிருந்தது.